காருக்கு வில்லங்கச் சான்றிதழ் உண்டா?

வாசகர் கேள்வி – பதில்

கடந்த இரண்டு மாதங்களில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில், பழைய கார் வாங்குவது பற்றியவை மட்டும் ஒரு தனிக்கட்டாகச் சேர்ந்துவிட்டன. இன்ஜின், கிளட்ச், டயர் பற்றிய ஐயங்களை மெக்கானிக் நண்பர்களிடம் விட்டுவிட்டு, ஆவணங்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களில் சிலருக்கு இன்னும் பேரம் முடியவில்லை என்பதால் ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பெயர்களை விட்டிருக்கிறேன்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): 2017-ஆம் ஆண்டு பதிவான ஒரு டீசல் காரை 4.25 லட்சம் ரூபாய்க்குப் பேசி வைத்திருக்கிறேன். கோவைப் பதிவு எண். விற்பவர் ஆர்.சி.யின் (பதிவுச் சான்றிதழின்) ஜெராக்ஸைக் கொடுத்து, "என் பெயரில்தான் இருக்கிறது, வேறு என்ன வேண்டும்?" என்கிறார். வீட்டு மனை வாங்கியபோது 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். காருக்கு அப்படி ஒன்று உண்டா?

பதில்: ஒரே தாளில் எல்லாவற்றையும் சொல்லிவிடும் வில்லங்கச் சான்றிதழ் காருக்குக் கிடையாது. ஆனால் அதில் இருக்க வேண்டிய செய்திகள் அனைத்தும் நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுத்துக்கொள்ள வேண்டியவர் நீங்கள்தான். அரை நாள் வேலைதான் அது. ஆனாலும் பலர் அதைச் செய்வதில்லை. பதிவு எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வருகிறதா என்று மூன்று முறை கூட்டிப் பார்ப்பவர்கள்கூட, அந்த எண்ணுக்குரிய பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை பார்ப்பதில்லை.

முதலில் ஜெராக்ஸை ஒதுக்கி வையுங்கள். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனிலோ எம்-பரிவாகன் செயலியிலோ பதிவு எண்ணைக் கொடுத்தால், பதிவு செய்த அலுவலகம், பதிவு நாள், எரிபொருள், தகுதிச் சான்று எதுவரை செல்லும், காப்பீடு எதுவரை உள்ளது, கடன் கொடுத்த நிறுவனம் ஏதும் உண்டா என்பவை தெரியும். உரிமையாளரின் பெயர் பாதி மறைக்கப்பட்டுத்தான் தெரியும் என்பதால், விற்பவரையே அவருடைய டிஜிலாக்கரை (அரசின் மின்னாவணப் பெட்டகத்தை) திறந்து ஆர்.சி.யைக் காட்டச் சொல்லுங்கள். ஜெராக்ஸில் பெயரை மாற்றுவது எளிது. அவருடைய கைப்பேசிக்கு ஓ.டி.பி. வந்து திறக்கும் ஆவணத்தில் மாற்றுவது எளிதன்று. அந்த ஓ.டி.பி. அவருடைய கைப்பேசிக்குத்தான் வருகிறதா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பிறகு பெயர் மாற்றத்துக்கும் அதே எண் தேவைப்படலாம். பழைய எண் தொலைந்துவிட்டது என்று அவர் அன்றைக்குச் சொன்னால் உங்கள் வேலை ஒரு மாதம் தள்ளிப்போகும்.

அதே பக்கத்தில் உரிமையாளரின் வரிசை எண் என்று ஒன்று இருக்கும். வாங்குவோர் அதிகம் கவனிக்காத இந்த ஓர் எண்தான் நிறையச் சொல்கிறது. "சிங்கிள் ஓனர் வண்டி" என்று விற்பவர் சொல்ல, அங்கே 3 என்று இருந்தால், பொய் சொன்னார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். குடும்பத்துக்குள் தந்தை பெயரிலிருந்து மகன் பெயருக்கு மாறியிருக்கலாம். ஆனால் அந்த விளக்கம் அவரிடமிருந்து தானாக வர வேண்டும். குறுகிய காலத்தில் இரண்டு மூன்று கை மாறிய வண்டியில், ஒவ்வொருவரும் எதையோ கண்டுபிடித்துத்தான் கைமாற்றியிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். இன்னும் விரிவாகத் தெரிய வேண்டுமானால், ஆர்.சி. பர்ட்டிகுலர்ஸ் எனப்படும் பதிவு விவர நகலுக்குப் பரிவாகன் வழியாகவே கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். மனைக்குப் போட்ட வில்லங்கத்துக்கு மிக அருகில் வரும் தாள் இதுதான்.

அடுத்து வண்டியிடம் செல்லுங்கள். சேஸிஸ் எண், அதாவது வண்டியின் அடிச்சட்ட எண், 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் வராது, ஏனெனில் அவை 1, 0 ஆகியவற்றோடு குழம்பும். முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும்: மாருதி சுசுகிக்கு எம்.ஏ.3, ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல்., டாடாவுக்கு எம்.ஏ.டி. என்று தொடங்கும். தகட்டில் உள்ளதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். தகட்டை ரிவெட் கழற்றி மாற்றிவிட முடியும். உடலின் இரும்பிலேயே குத்தப்பட்ட எண் எங்கே இருக்கிறது என்று அந்த மாடலின் கையேட்டில் பார்த்து, அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் ஏறி இறங்கி இருந்தாலோ, சுற்றிலும் உராய்ந்த தடமோ புதிய பெயின்ட்டோ தெரிந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுவது நல்லது. இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்திருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு இன்ஜின் மாற்றியது உண்மையாகவே இருந்தாலும், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண் ஆகிய மூன்றும் கையில் வந்தபின், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் நடத்தும் டிஜிட்டல் போலீஸ் தளத்தில், அந்த வண்டி காவல்துறைப் பதிவுகளில் திருட்டு வாகனமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சேவை உள்ளது. அங்கே கிடைக்கும் அறிக்கையை அச்செடுத்து உங்கள் கோப்பில் வையுங்கள். இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 27-ஆம் பிரிவில் சொல்லும் பொது விதி: விற்பவருக்கு ஒரு பொருளின்மீது உள்ள உரிமையைவிட மேலான உரிமை வாங்குபவருக்குக் கிடைக்காது. நீங்கள் முழு விலையைக் கொடுத்து, நல்ல எண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், திருடப்பட்ட கார் உண்மையான உரிமையாளருடையதே. வண்டி அவரிடமோ அவருக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனத்திடமோ போய்ச் சேரும். பணத்துக்காக விற்றவரைத் தேடிப் போக வேண்டியவர் நீங்கள்.

மீதமுள்ளவை அபராதமும் காப்பீடும். இ-சலான் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்து, நிலுவையில் உள்ளதை விற்பவரைக் கொண்டே கட்டச் செய்யுங்கள். காப்பீட்டில் கடந்த மூன்று ஆண்டுகளின் பாலிசி நகல்களைக் கேளுங்கள். ஒவ்வொரு பாலிசியிலும் நோ கிளெய்ம் போனஸ் எனும் பிரீமியத் தள்ளுபடியின் விழுக்காடு அச்சாகியிருக்கும். சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு கேட்காமல் ஆண்டுகள் செல்லச் செல்ல அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். முதல் ஆண்டு 35, அடுத்த ஆண்டு பூச்சியம் என்று இருந்தால், இடையில் பெரும்பாலும் ஏதோ ஓர் இழப்பீடு வாங்கப்பட்டிருக்கிறது. "ஒரு கீறல்கூடப் பட்டதில்லை" என்ற வாக்கை அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): நாங்கள் பார்த்த காரின் ஆர்.சி.யில் ஒரு வங்கியின் பெயர் இருக்கிறது. கடன் முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று வங்கியின் என்.ஓ.சி.யை (தடையின்மைச் சான்றை) காட்டுகிறார்கள். அது போதாதா?

பதில்: கடன் முடிந்திருக்கலாம், அடமானம் பதிவேட்டில் அப்படியே நிற்கிறது. ஹெச்.பி. என்று நாம் சொல்லும் அந்தக் குறிப்பை நீக்க, படிவம் 35-இல் வங்கியும் உரிமையாளரும் கையெழுத்திட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பெரும்பாலானோர் கடைசித் தவணையைக் கட்டிய மகிழ்ச்சியில் என்.ஓ.சி.யைப் பீரோவில் வைத்துவிட்டு, வண்டியை விற்கும்போதுதான் அதை எடுக்கிறார்கள். பல வங்கிகள் தங்கள் என்.ஓ.சி.யில் ஒரு செல்லுபடி நாளை அச்சிடுகின்றன. இரண்டு வருடத்துத் தாளுக்கு அந்த நாள் கடந்திருக்கக்கூடும். அப்படியானால் வங்கியிடம் புதிதாக ஒன்று கேட்டு வாங்க வேண்டும். அதை வாங்கும் பொறுப்பு விற்பவருடையது.

தாளின் மேல் வங்கியின் முத்திரை இருக்கிறது என்பதற்காக அதை நம்பிவிடாதீர்கள். கணக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, விற்பவரோடு அந்தக் கிளைக்கே சென்று, கணக்கு முடிக்கப்பட்டதா என்று கேளுங்கள். தயங்காமல் வருபவரிடம் ஒளிக்க ஏதுமில்லை. "எதற்கு இதெல்லாம், என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபிப்பவர் உறவினராக இருந்தால் சங்கடம்தான், ஆயினும் சென்று பாருங்கள்.

கடன் இன்னும் மிச்சமிருக்கும் வண்டியையும் வாங்கலாம், ஆனால் பணத்தைக் கொடுக்கும் வழி வேறு. வங்கியிடமிருந்து முன்கூட்டியே முடிப்பதற்கான தொகையை எழுத்தில் பெற்று, அத்தொகையை விற்பவர் கையில் தராமல் அந்தக் கடன் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்துங்கள். ஹெச்.பி. நீங்கி, பரிவாகனில் வங்கியின் பெயர் மறைந்ததைக் கண்ணால் பார்த்தபின் மீதியைக் கொடுங்கள். கடன் கொடுத்தவர் சம்மதிக்காத வரை பதிவேட்டில் பெயர் மாறாது.

பதிவேட்டில் ஏறாத அடகும் நம் ஊர்களில் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். அவசரத்துக்குத் தெரிந்த ஃபைனான்ஸ்காரரிடம் அசல் ஆர்.சி.யையும் ஒரு சாவியையும் கையெழுத்திட்ட படிவங்களையும் கொடுத்துப் பணம் வாங்கியிருப்பார்கள். பரிவாகனில் அதற்குத் தடயமே இருக்காது. அசல் ஆர்.சி. "தொலைந்துவிட்டது", இரண்டாவது சாவி "காணவில்லை" என்று இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். டூப்ளிகேட் ஆர்.சி. எடுத்துத் தருகிறேன் என்றால், அது எப்போது, எந்தக் காரணம் சொல்லி எடுக்கப்பட்டது, தொலைந்ததற்குக் காவல்துறையில் கொடுத்த அறிக்கையின் நகல் எங்கே என்று கேளுங்கள். விற்பனைக்குப் பேசத் தொடங்கிய பிறகு எடுத்த டூப்ளிகேட் என்றால் கூடுதலாகச் சில நாட்கள் பொறுத்து, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): ஒரு புரோக்கர் காட்டிய காரின் ஆர்.சி. வேறு யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. உரிமை மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30 கையெழுத்து மட்டும் போட்டு என்னிடமே தரப்படும் என்றும், எப்போது வேண்டுமானாலும் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். விலை சந்தையைவிட 40,000 ரூபாய் குறைவு.

பதில்: அந்த 40,000 ரூபாய் எதற்காகக் குறைந்தது என்பதுதான் கேள்வி. புரோக்கர் வண்டியைத் தம் பெயருக்கு மாற்றாமலே வாங்கியிருக்கிறார். அவருக்கு முன்னும் ஒருவர் அப்படியே வாங்கியிருக்கலாம். படிவத்தில் கையெழுத்திட்டவர் இன்று எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா, கையெழுத்து அவருடையதுதானா என்று எதுவும் உங்களுக்குத் தெரியாது. பெயர் மாற்ற விண்ணப்பத்தின்போது அவருடைய கைப்பேசிக்கு ஓ.டி.பி. சென்றாலோ, அலுவலகம் அவரை நேரில் வரச் சொன்னாலோ, வெற்றுப் படிவம் வெறும் தாளாகிவிடும்.

சட்டம் கொடுக்கும் கால அளவு தெளிவானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வேறு மாநிலத்தில் விற்றவர் 45 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். "எப்போது வேண்டுமானாலும்" என்பது புரோக்கரின் சட்டம்.

மேலும் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் வணிகர் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை இணையவழியில் தெரிவித்ததும், வண்டி விற்கும்வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்த இடைக்காலத்தில் வண்டியால் வரும் பொறுப்பும் அவருடையதே. எனவே அந்தப் புரோக்கரிடம் இரண்டு கேள்விகள் போதும்: அங்கீகாரச் சான்று உண்டா? வண்டி உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிவித்த ஒப்புகை உண்டா? இரண்டும் இல்லையென்றால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் வரவழைத்து, அவருடைய வங்கிக் கணக்குக்கே பணத்தை அனுப்பி, அவரிடமே படிவங்களை முழுமையாக நிரப்பி வாங்குங்கள். புரோக்கருக்குரிய கமிஷனைத் தனியாகக் கொடுத்துவிடலாம்.

ரொக்கமாகக் கொடுத்தால் விலை இன்னும் குறையும் என்று அடுத்துச் சொல்வார். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ஒரே பரிமாற்றத்தில் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. தண்டம் பெறுபவருக்குத்தான் என்றாலும், வங்கிவழிச் சான்று இல்லாமல் தவிக்கப்போவது நீங்கள்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): நான் வாங்குபவன் அல்லன், விற்றவன். 2021-இல் என் காரை விற்றேன். இன்றும் அபராதக் குறுஞ்செய்தி எனக்குத்தான் வருகிறது. எனக்கு ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. பலருடைய கைக்கு மாறிச் சென்றும் பெயர் மாறாத ஒரு கார் விபத்து ஏற்படுத்திய வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை இங்கே நினைவுபடுத்த வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். விற்றுவிட்டேன் என்று சொல்லி அவர் இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பாதிக்கப்பட்டவரை ஒவ்வொரு கைமாற்றமாகத் தேடி அலையச் சொல்லவும் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. அந்தக் கார் இன்று காப்பீடு இல்லாமல் ஓடி யாரையாவது இடித்தால், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

விற்ற நாளன்று வண்டியை ஒப்படைத்ததற்காக எழுதிய டெலிவரி நோட் இருக்குமானால் அதன் நகலோடும் பணம் வந்த வங்கி விவரத்தோடும் படிவம் 29-ஐ இப்போதாவது பதிவு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்கியவருக்குப் பதிவுத்தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். தாமதமானாலும் இவை இல்லாததைவிட மேல். ஆனால் பெயர் மாறும்வரை உங்கள் பொறுப்பு முற்றிலும் தீர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

கேள்வி (வேளச்சேரி வாசகர்): வெள்ளத்தில் மூழ்கிய காரை ஆர்.சி.யைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? சில வெளிநாடுகளில் அப்படிக் குறிப்பிடுவார்கள் என்று என் மகன் சொல்கிறான்.

பதில்: உங்கள் மகன் சொல்வது சரி. அமெரிக்காவில் பல மாநிலங்கள், முழு இழப்பாக அறிவிக்கப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே அதற்கான முத்திரையைப் போட்டுவிடுகின்றன. எத்தனை கை மாறினாலும் அது கூடவே வரும். நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

இங்கே நடப்பது வேறு. வண்டியை மீட்டுப் பழுதுபார்க்க ஆகும் செலவு, காப்பீடு செய்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டுத் தொகையை உரிமையாளருக்குக் கொடுத்துவிடுவார்கள். கிடக்கும் வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் அதை உதிரிபாகமாகப் பிரித்தால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் சிலர் துவைத்துக் காயவைத்து, இருக்கைத் துணியை மாற்றி, மழை பெய்யாத ஏதோ ஓர் ஊரில் விற்பனைக்கு நிறுத்துகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகும் சென்னையில் மூழ்கி நின்ற கார்களின் வரிசையைப் பார்த்த எவருக்கும் அவை எங்கே போயிருக்கும் என்ற கேள்வி எழுந்திருக்கும்.

ஆகவே நாட்களை ஒட்டிப் பாருங்கள். சென்னைப் பதிவு எண் கொண்ட கார், வெள்ளம் வந்த அடுத்த சில மாதங்களில் வேறு மாவட்டத்துக்காரர் பெயருக்கு மாறியிருந்தால், அந்த மாதங்களின் சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையங்களில் பழைய வேலைகளின் பட்டியலும் அன்றைய ஓட்ட கிலோமீட்டரும் இருக்கும். உரிமையாளர் கூடவே வந்தால் காட்டுவார்கள். மீட்டரைத் திருப்பி வைத்த வண்டியும் இதே பட்டியலில்தான் மாட்டும்: 2021-இல் 78,000 கிலோமீட்டர் ஓடியதாகப் பதிவான கார் இன்று 52,000 காட்ட முடியாது. வண்டியில் பார்ப்பதற்கு, நான்கு சீட் பெல்ட்டுகளையும் கடைசிவரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கை மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்றுவது அரிது.

கேள்வி (சேலம் வாசகர்): டெல்லிப் பதிவு எண் கொண்ட டீசல் கார் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: விலை குறைவதற்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் டெல்லி தலைநகர வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டும் காட்டிக் கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று அதே நீதிமன்றம் இடைக்காலமாகக் கூறியது. இந்தக் குழப்பத்தில் நல்ல நிலையில் உள்ள கார்களும் தெற்கே வந்து சேர்ந்தன. எல்லாம் மோசமல்ல.

வாங்குவதானால் முதலில் பரிவாகனில் அந்த எண்ணின் நிலை என்னவென்று பாருங்கள். பதிவு நீக்கப்பட்டது என்று இருந்தால் மேலே பேசாதீர்கள். நடப்பில் இருந்தால், டெல்லிப் பதிவு அலுவலகம் படிவம் 28 வழியாகக் கொடுக்கும் தடையின்மைச் சான்று தமிழ்நாட்டுக்கென்று வாங்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேறு மாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவு எண் பெற வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டின் ஆயுள் வரியைக் கட்டியாக வேண்டும். அந்த வரியை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கணக்குப் போடச் சொல்லிக் கேட்டு, லாரி வாடகையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், பாதி விலை முக்கால் விலைக்கு வந்து நிற்கும். விற்பவர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பார் என்பதும் கணக்கில் சேர வேண்டியது.

கேள்வி (கும்பகோணம் வாசகி): அண்மையில் காலமான எங்கள் உறவினரின் காரை அவருடைய மனைவி விற்க விரும்புகிறார். நாங்களே வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். அத்தையிடம் ஆவணம் கேட்பதே கஷ்டமாக இருக்கிறது.

பதில்: கேட்கத்தான் வேண்டும், ஆனால் அவருக்கு உதவியாகவே கேட்கலாம். இறந்தவரின் கையெழுத்து என்று எந்தப் படிவத்திலும் யாரும் எதையும் போட்டுவிட அனுமதிக்காதீர்கள். இறந்த நாளுக்குப் பிந்தைய தேதியில் அவர் கையெழுத்திட்ட படிவம் 29 மோசடி ஆவணம் ஆகிவிடும். முறையான வழி, முதலில் வண்டி வாரிசின் பெயருக்கு வருவது. வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்தப்போகும் வாரிசு 30 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். 2021 முதல் ஆர்.சி.யிலேயே நியமனதாரர் பெயரைச் சேர்க்க வழி உண்டு. அப்படிச் சேர்த்திருந்தால் வேலை எளிதாகும். உங்கள் அத்தையின் பெயருக்கு மாறியபின் அவரிடமிருந்து நீங்கள் வாங்குங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். இன்றைக்குச் சும்மா இருப்பவர்கள் நாளைக்குப் பங்கு கேட்டால், உறவும் போகும், காரும் வழக்கில் நிற்கும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): டி போர்டில் (வாடகை வண்டியாக) ஓடி, பிறகு ஓன் போர்டாக (சொந்த உபயோக வண்டியாக) மாற்றிய காரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இன்றைய ஆர்.சி.யில் இன்றைய வகைதான் இருக்கும். ஆர்.சி. பர்ட்டிகுலர்ஸும் பழைய காப்பீட்டு பாலிசிகளும் உதவும். வாடகை வண்டிக்கு எடுத்த பாலிசி, பயணிகளை ஏற்றும் வணிக வாகனம் என்று தலைப்பிலேயே சொல்லும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்த இடத்தை மெக்கானிக் கண்டுபிடிப்பார். முறையாக மாற்றியிருந்தால் வாங்குவதில் தவறில்லை. விலையைத்தான் அதற்கேற்பப் பேச வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): வாங்கிய காரின் காப்பீட்டில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாம் அல்லவா?

பதில்: விட முடியாது. வண்டி கைமாறும்போது காப்பீடும் கூடவே மாறியதாகக் கருதப்படும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு சொல்வதை வைத்துப் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தப் பாதுகாப்பு மூன்றாம் நபருக்கான பொறுப்புக்கு மட்டுமே என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. உங்கள் கார் மரத்தில் மோதினாலோ திருடு போனாலோ, பாலிசி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் நிறுவனம் கையை விரிக்கும். 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இதைப் பேரம் பேசும்போதே கணக்கில் கொள்ளுங்கள். பழைய ஃபாஸ்டேகையும் அவரைக் கொண்டே மூடச் செய்து, உங்கள் பெயரில் புதிதாக ஒட்டுங்கள். டெலிவரி நோட்டில் நாள், நேரம், ஓட்ட கிலோமீட்டர் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால், அன்று வண்டி கைமாறுவதற்கு முன்பு பதிவான வேகக் கேமரா அபராதம் யாருடையது என்ற சண்டையும் வராது.